தாழங்காட்டு மைதானத்துக்குக் கட்டிய பந்தயம்

எங்கள் ஊர்க் கால்பந்து மைதானத்தில் பார்வையாளர் காலரி கட்டத் தொடங்கியபோது, யார் பெயரை வைப்பார்கள் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. எங்கள் பகுதிக் கட்சித் தலைவரான முன்னாள் அமைச்சரின் பெயரை வைப்பார்களா, மாட்டார்களா என்பதுதான் பேச்சு. காலரியின் படிக்கட்டுகளுக்கு முன்பே வாசலில் வளைவைக் கட்டி முடித்துவிட்டார்கள். அதன் நெற்றியில் எழுத்துப் பதிப்பதற்காக நீளமாக ஒரு இடத்தை வழுவழுவென்று பூசி வெறுமனே விட்டிருந்தார்கள். எதிரே இருந்த டீக்கடையிலிருந்து பார்த்தால் அந்த வெற்றிடம் மட்டும்தான் கண்ணில் படும். காலையும் மாலையும் அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தவர்கள் பந்தயம் கட்டாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

காசு வைத்துப் பந்தயம் கட்டக்கூடாது என்று பங்குச் சாமியார் பூசையில் பிரசங்கம் வைத்திருந்தார். அதனால் பந்தயப் பொருள்கள் விசித்திரமாகிவிட்டன. ஒருவன் தன் மீசையைப் பந்தயமாக வைத்தான். இன்னொருவன், தோற்றால் அந்த சீசன் முழுவதும் ஜெயித்தவனுடைய வலையைக் கழுவிக் காயப்போடுவதாகச் சொன்னான். டீக்கடைக்காரர் எங்கள் ஊர் அணியின் பழைய கோல்கீப்பர். பந்து பிடித்துப் பிடித்து இரண்டு விரல்கள் கோணிப்போனவர். யார் என்ன கட்டினார்கள் என்பதையெல்லாம் அவர் மனதிலேயே வைத்திருந்தார். அவர் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை.

சிக்கல் என்னவென்றால், பந்தயத்துக்கு இரண்டு பக்கம் வேண்டும். வேலை நடக்க நடக்க, 'வைப்பார்கள்' என்று சொல்கிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். 'மாட்டார்கள்' என்று புதிதாகச் சொல்ல ஆள் இல்லை. காலரிக்கு நிதி கொண்டுவந்தது அந்தத் தலைவர். வேலையை எடுத்தது அவருடைய ஆள். ஊரில் அவர் கட்சியின் கிளைச் செயலாளரும் கால்பந்து கிளப்பின் செயலாளரும் ஒரே மனிதர். அந்த மனிதர் என் சொந்த அண்ணன்.

நான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். எங்கள் ஊரில் பெண்களுக்கென்று ஒரு கால்பந்து அணியை நடத்தி வருகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கல்லூரிக்குப் போகிறவர்கள், குளச்சலில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ், மீன் கம்பெனியில் இறால் உரிக்கும் ஒரு இளம் தாய் என்று பலதரப்பட்ட ஆட்கள். எங்களுக்கு மைதானம் கிடைப்பது விடியற்காலையில் மட்டும். அந்த நேரத்தில் நர்ஸுக்கு இரவு டியூட்டி முடிந்திருக்காது. மீன் கம்பெனி வேன் வந்து நிற்கும். பிள்ளைகள் குடத்தோடு குழாயடிக்குப் போக வேண்டும். முழு அணியாகப் பதினொரு பேர் சேர்ந்து விளையாடிய நாட்கள் குறைவு. சாயங்காலம் கடற்காற்று வந்து மணல் ஆறிய பிறகு மைதானம் முழுக்க ஆண்பிள்ளைகள். யார் கொடுத்த உரிமை என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எப்போதும் அப்படித்தான் என்பார்கள். கிளப் செயலாளரிடம் நான் எத்தனையோ தடவை கேட்டிருந்தேன். பார்ப்போம் என்பார் அண்ணன். அந்தப் பார்ப்போம் எப்போதும் பார்ப்போமாகவே இருந்தது.

அன்று ஸ்கூட்டரின் முன்னால் பந்து வலையைத் தொங்கவிட்டுக்கொண்டு டீக்கடையைக் கடந்து போய்க்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் நிற்க ஆம்பளை ஒருத்தனும் இல்லையா என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. பிரேக்கைப் பிடித்தேன். யோசித்து எடுத்த முடிவு இல்லை. எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

"நான் நிக்கேன்" என்றேன்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஏட்டி, இது ஆம்பிளயளுக்க காரியம். நீ வண்டிய எடு."

"ஆள் இல்லன்னு நீங்கதான பறஞ்சிய. ஆள் வந்தாச்சு. அவருக்க பேர் இந்த கிரவுண்டுக்கு வராது."

"என்ன வைப்ப?"

"நான் ஜெயிச்சா வாரத்தில மூணு சாயங்காலம் கிரவுண்டு எங்களுக்கு."

"தோத்தா?"

"தோத்தா, பொறவு சாயங்காலம் வேணும்னு ஒங்ககிட்ட கேக்கவே மாட்டேன். சாவுற வரைக்கும் கேக்க மாட்டேன்."

அண்ணனுக்கு அது பிடித்துவிட்டது. என் தொல்லை ஒரேயடியாக ஒழிவதற்கு இதைவிட நல்ல வழி அவருக்குக் கிடைத்திருக்காது. சரி என்றார். டீக்கடைக்காரர் கோணல் விரல்களை மடக்கி, "கேட்டாச்சு" என்றார். பந்தயம் விழுந்தது.

அந்தத் தலைவரைப் பற்றி நான் நியாயமாகச் சொல்ல வேண்டும். கடல் எங்கள் ஊரைத் தின்றுகொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. ஆனி ஆடியில் அலை வந்து, கடற்கரை வரிசையில் நின்ற வீடுகளின் சுவரைச் சுரண்டிக்கொண்டு போகும். கடலுக்குள் கல்லடுக்கித் தூண்டில் வளைவு போட வேண்டும் என்று ஊர் கேட்காத ஆள் இல்லை. போட்டுத் தந்தவர் அவர்தான். இன்று நான் குடியிருக்கும் வீடு நிற்பது அந்தக் கற்களால்தான். அவருக்கு நான் ஓட்டுப் போட்டிருக்கிறேன். அவர் கெட்டவர் என்று அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை.

ஆனால் மைதானம் வேறு. அது முன்பு தாழங்காடு. முள்ளும் பாம்புமாகக் கிடந்த இடம். அதை வெட்டித் திருத்தி, மணலின் மேல் செம்மண் பரப்பியது ஊர்க்காரர்கள். லாரிகள் ரோட்டில் கொட்டிவிட்டுப் போன மண்ணை உள்ளே சுமந்தது பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் கடலுக்குப் போயிருந்தார்கள். நான் அப்போது சின்னப் பெண். சட்டிகளையெல்லாம் பெரியவர்கள் எடுத்துக்கொண்டதால் சோறு வடிக்கிற பானையில் மண் சுமந்தேன். அதற்காக அம்மாவிடம் அடியும் வாங்கினேன். மண் பரப்பி முடிந்த அன்றைக்கே கோல் போஸ்ட் நட்டு ஆண்கள் விளையாடத் தொடங்கிவிட்டார்கள். மண் சுமந்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சோறு வைத்தார்கள். அன்றிலிருந்து அதற்குத் தாழங்காட்டு கிரவுண்டு என்று பெயர். குளச்சலிலும் தூத்தூரிலும் கேட்டால்கூட அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். ஏற்கனவே பெயர் இருக்கும் ஒன்றுக்கு இன்னொரு பெயர் எதற்கு? எனக்கு இருந்த வாதம் இது ஒன்றுதான். இதை வைத்துக்கொண்டு ஒரு முன்னாள் அமைச்சரைத் தடுக்க முடியும் என்று நான் எப்படி நம்பினேன் என்று இப்போது நினைத்தாலும் தெரியவில்லை.

நம்பிக்கை மார்த்தாண்டத்தில் போய்விட்டது. அணிக்கு ஜெர்சியில் நம்பர் அடிக்கக் கொடுத்திருந்தேன். வாங்கப் போனபோது, பக்கத்தில் போர்டு எழுத்துச் செய்யும் கடையின் சுவரில் பளபளவென்று ஸ்டீல் எழுத்துகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம். சும்மா படித்துப் பார்த்தேன். அந்தத் தலைவரின் பெயரின் முதல் பாதி. மீதிப் பாதியை உள்ளே உட்கார்ந்து ஒருவர் தேய்த்துக்கொண்டிருந்தார். எந்த ஊருக்கு என்று கேட்டேன். எங்கள் ஊரைச் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ் ஜங்ஷன் நெரிசலில் மாட்டிக்கொண்டு நகரவே இல்லை. மடியில் ஜெர்சி மூட்டை. நான் பந்தயம் கட்டுவதற்கு முன்பே அண்ணனுக்கு முடிவு தெரிந்திருக்கிறது. கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுத வந்திருக்கிறார். பஸ் குழித்துறைப் பாலத்தைத் தாண்டுவதற்குள் எனக்குப் பயம் போய்விட்டது. கோபம் மட்டும் மிச்சம் இருந்தது. ஸ்டீல் எழுத்தைச் செய்யலாம். அதைப் பதிப்பதற்கு ஊர் சம்மதிக்க வேண்டாமா? கிராம சபை என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

என் வீட்டுக்காரர் ஆழ்கடலுக்குப் போகிறவர். மீன் இறக்கக் கொச்சிக்கு வந்தபோது போன் செய்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "நான் ஒனக்க பக்கம்தான். ஆனா நீ தோப்ப, கேட்டியா" என்றார். தோற்பதற்கும் ஒரு முறை இருக்கிறது என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

எங்கள் ஊரில் சில தெருக்களைச் சேர்த்து ஒரு அன்பியம் என்பார்கள். வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். நான் ஒவ்வொரு அன்பியத்துக்கும் போனேன். ஜெபம் முடிந்து காப்பி வரும் நேரத்தில் பேச்சை எடுப்பேன். மண் சுமந்தது யார் என்று கேட்பேன். கழுத்தையும் நடு உச்சியையும் தொட்டுக் காட்டிச் சிரிப்பார்கள். கிராம சபைக்கு வாருங்கள் என்பேன். சிலர் வருகிறேன் என்றார்கள். சிலர் ஆண்கள் திட்டுவார்கள் என்றார்கள். போர்டில் என்ன எழுதினால் நமக்கு என்ன, காலரி வந்ததே பெரிது என்றவர்களும் உண்டு. அவர்கள் சொன்னதிலும் பொய் இல்லை.

நான் எதிர்பார்க்காத அடி என் அணிக்குள்ளிருந்து வந்தது. மீன் கம்பெனியில் வேலை செய்யும் அந்த இளம் தாய் எங்கள் டிஃபன்ஸில் ஆடுகிறவள். பந்து அவளைத் தாண்டிப் போவது அபூர்வம். அவள் புருஷன் புயலில் போனவன். உடல்கூடக் கிடைக்கவில்லை. கிராம சபைக்கு அவள் வருவாள் என்று நான் கேட்காமலே கணக்கில் வைத்திருந்தேன். ஒரு காலை பயிற்சி முடிந்து பூட்ஸைக் கழற்றும்போது அவளாகச் சொன்னாள்.

"அக்கா, நான் அவருக்கு எதிராட்டு கை தூக்க மாட்டேன். புயலுக்குப் பொறவு எத்தன பேரு வந்தாவ, எல்லாரும் ரோட்டில காருக்க பக்கத்தில நின்னு பாத்திட்டுப் போனாவ. அவரு எனக்க வீட்டுக்குள்ள வந்தாரு. தரையில இருந்தாரு. எனக்க மோன மடியில வச்சிருந்தாரு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பந்துகளை வலைக்குள் அள்ளிப் போட்டேன். அவளும் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு வேனைப் பிடிக்க ஓடிவிட்டாள். மறுநாள் அவள் வருவாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தாள். வழக்கம்போல இடது பக்கம் போய் நின்றாள். நானும் வழக்கம்போல விசில் ஊதினேன்.

நான் வீடு வீடாகப் போவது அண்ணன் காதுக்குப் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தேன். பந்தயம் கட்டியவர்கள் கரையில் இருந்து பார்க்க வேண்டுமே தவிர ஆட இறங்கக் கூடாது, இது முறையில்லை என்றார். "நீ ஊரக் கூட்டி ஜெயிக்கப் பாக்குத."

"நீங்க கட்சியக் கூட்டி ஜெயிக்கப் பாக்கியளே, அது எந்த முறை? மார்த்தாண்டத்தில எழுத்து செஞ்சு வச்சிட்டுத்தான எனக்ககூட பந்தயம் கெட்டினிய."

அவருக்கு அது எனக்குத் தெரியும் என்பது தெரியாது. காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு, எனக்கு முதல் பூட்ஸை மஸ்கட்டிலிருந்து அனுப்பியது யார் என்று கேட்டார். அவர்தான். அங்கே வேலை பார்த்த காலத்தில் அனுப்பினார், நான் மறுக்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டு ஆட இடம் எங்கே என்றுதான் இவ்வளவு நாளாகக் கேட்கிறேன் என்றேன். எழுந்து போய்விட்டார்.

கிராம சபை பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. வழக்கமாக முன்வரிசையில் பத்துப் பேர் உட்கார்ந்து தூங்கும் கூட்டம். அன்றைக்கு நாற்காலி போதவில்லை. பெண்கள் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ஜன்னல்களுக்கு வெளியே ஆண்கள் நின்றார்கள். வந்திருந்த அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை என்று ஒவ்வொரு தீர்மானமாகப் படித்துக்கொண்டே வந்து, அதே மூச்சில், அதே குரலில் மைதானத்துக்குப் பெயர் வைக்கும் தீர்மானத்தையும் படித்தார். நான் எழுந்தேன்.

வகுப்பில் கத்திப் பழகிய குரல் எனக்கு. மைக் வேண்டியிருக்கவில்லை. அந்தத் தலைவர் நமக்குச் செய்தது நமக்குத் தெரியும், தூண்டில் வளைவுக்கு அவர் பெயரை வைத்தால் நானே போர்டு எழுதித் தருகிறேன் என்றேன். இந்த மைதானத்தில் அவர் ஒரு சட்டி மண் போட்டிருந்தாலும் நான் உட்கார்ந்துவிடுகிறேன் என்றேன். இதற்குப் பெயர் இருக்கிறது, அதை எழுதுங்கள் என்றேன்.

ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒருவன் கேட்டான், எல்லாம் உன் பந்தயத்துக்காகத்தானே என்று. ஹால் முழுக்கச் சிரிப்பு. என் பக்கம் இருந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள். முகம் சூடாகிவிட்டது. மறுத்திருக்கலாம். ஆனால் ஊருக்கே தெரிந்ததை மறுத்து என்ன?

"ஆமா, பந்தயத்துக்கும்தான். பந்தயத்தில நான் என்ன கேட்டேன்னும் ஒங்களுக்குத் தெரியும். நமக்க பிள்ளைய விளையாட மூணு சாயங்காலம் கேட்டேன். அதக் கேக்கதுக்கு ஒரு பந்தயம் கெட்ட வேண்டி வந்திருக்கு. அது யாருக்குக் கொறச்சல்னு நீங்களே பறயுங்க."

சிரிப்பு நின்றது. அதன் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பராமரிப்புக்கு நிதி யார் தருவார், நன்றி என்று ஒன்று வேண்டாமா, தலைவர் கோபித்துக்கொண்டால் மீதி வேலை நின்றுவிடும் என்று ஆண்கள். மண் சுமந்த கதையை ஆளுக்கொரு விதமாகப் பெண்கள். இதற்கு நடுவில் எங்கள் டிஃபன்ஸ்காரி எழுந்து நின்றாள். அவள் வந்ததையே நான் கவனிக்கவில்லை. மீன் கம்பெனி கோட்டோடு வந்திருந்தாள். அவள் எழுந்ததும் ஹால் தானாக அமைதியானது. புயலில் புருஷனை இழந்தவள் பேசினால் எங்கள் ஊர் அமைதியாகிவிடும்.

"அவரு எனக்க வீட்டுக்கு வந்தாரு. எப்ப வந்தாலும் நான் எழும்பி நிப்பேன்" என்றாள். "ஆனா நான் வெளயாடுத இடத்துக்கு எனக்க மாப்பிளக்க பேரக்கூட நான் வைக்கச் சொல்லல்ல. அது எல்லாருக்கும் உள்ள இடம்."

அவ்வளவுதான் சொன்னாள். கை தூக்கச் சொன்னபோது, எந்தப் பக்கத்துக்கும் தூக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஆனால் அவள் பேசியதற்குப் பிறகு எழுந்த கைகளை அதிகாரி எண்ணி முடிக்கவே இல்லை. எண்ணத் தேவையும் இருக்கவில்லை. பெயர் வேண்டாம் என்ற பக்கம் ஹாலில் பாதிக்கு மேல். அண்ணன் முன்வரிசையில் நேராக உட்கார்ந்து மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். மக்கள் கருத்தை மேலே அனுப்புவதாகவும் முடிவை அங்கே எடுப்பார்கள் என்றும் அதிகாரி சொன்னார். நாங்கள் ஜெயித்துவிட்டதாகவே வீட்டுக்குப் போனோம். அன்றைக்கு எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

மேலே என்ன முடிவு எடுத்தார்கள், யார் எடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நாகர்கோவிலுக்குப் போய் இரண்டு ஆபீஸ்களில் கேட்டேன். ஒவ்வொருவரும் மற்ற ஆபீஸைக் கைகாட்டினார்கள். ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வளைவின் மேல் சாரம் கட்டியிருந்தது. சாயங்காலம் திரும்பும்போது எழுத்துகள் முழுவதும் ஏறிவிட்டன. வெயில் பட்டுக் கண் கூசியது. நான் ஸ்கூட்டரை நிறுத்தி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தேன். ஸ்டேடியம் என்பதில் ஒரு கொம்பு சற்றே சரிந்திருந்தது. வேறு குறை ஒன்றும் இல்லை.

டீக்கடையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. கிராம சபைக்குப் பிறகு என் பக்கம் கொஞ்சம் பேர் தைரியமாகப் பந்தயம் கட்டியிருந்தார்கள். கிராம சபை ஒப்புக்கொள்ளாத பெயர் செல்லாது, அதனால் நாங்கள் தோற்கவில்லை என்று அவர்கள் வாதாடினார்கள். வலை கழுவ வேண்டியவன்தான் அதிகமாகக் கத்தினான். டீக்கடைக்காரர் தீர்ப்புச் சொல்ல முடியாமல் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்திருந்தால் அந்த வழக்கை வருடக்கணக்கில் இழுத்திருக்கலாம். எனக்கு அப்படித் தப்பிப்பதில் விருப்பம் இல்லை. அநியாயமாகத்தான் தோற்றேன், ஆனாலும் தோற்றது தோற்றதுதான்.

"எழுத்து மேல இருக்கு. நான் தோத்தாச்சு" என்றேன். அண்ணன் அங்கேதான் இருந்தார். ஜெயித்த முகமாக இல்லை. தலையை மட்டும் ஆட்டினார். அந்த வாரம் ஒரு மீசை போனது. வலையும் கழுவப்பட்டது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பெயருக்காக இல்லை. அத்தனை பெண்கள் சமையலைப் போட்டுவிட்டு வந்து கை தூக்கினார்களே, அது காற்றில் போனதற்காக. அழுது முடித்து முகம் கழுவும்போது, டீக்கடையில் நான் சொன்ன வார்த்தையைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். சாயங்காலம் வேண்டும் என்று கேட்க மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன். விளையாட மாட்டேன் என்று சொல்லவே இல்லை. இத்தனை வருடமும் நான் செய்த தவறே கேட்டதுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் எல்லோரையும் ஜெர்சியோடு வரச் சொன்னேன். நர்ஸ் டியூட்டியை மாற்றிக்கொண்டு வந்தாள். டிஃபன்ஸ்காரி வேலை முடிந்து கம்பெனி வேனிலிருந்து நேரே மைதான வாசலில் இறங்கினாள். அந்தப் புதிய எழுத்துகளுக்கு அடியில் வரிசையாக நடந்து உள்ளே போனோம். ஆண்பிள்ளைகள் ஆட்டத்தின் நடுவில் இருந்தார்கள். நான் வடக்குப் பக்கக் கோல் போஸ்டுக்கு முன்னால் பந்துகளைக் கொட்டி விசில் ஊதினேன். அவர்கள் நின்றார்கள். அண்ணன் கிளப் அறையிலிருந்து வேகமாக வந்தார்.

"பந்தயத்தில தோத்தியா இல்லியா?"

"தோத்தேன் அண்ணே. அதான் கேக்கல்ல."

அவர் என்னையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஆண்பிள்ளைகளில் ஒருவன் வேண்டுமென்றே பந்தை எங்கள் நடுவே ஓங்கி அடித்தான். டிஃபன்ஸ்காரி அதை நெஞ்சில் வாங்கிக் காலில் இறக்கி, அவன் காலுக்கே திருப்பி அனுப்பினாள். யாரோ சிரித்தார்கள். யார் வெளியே போவது என்று பேச்சு முற்றியது. நான் பயிற்சியைத் தொடங்கிவிட்டேன்.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். நான் யாரையும் வரச் சொல்லவில்லை. அன்பியத்துப் பெண்கள் இரண்டு மூன்றாக உள்ளே வந்து, புதிய காலரியின் சிமெண்ட் படிகளைச் சேலை முந்தானையால் தட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தி முருங்கைக்கீரையைக் கொண்டுவந்து ஆய்ந்துகொண்டிருந்தாள். இன்னொருத்தி கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தாள். மைதானத்துக்குள் அவர்களில் பலர் வந்தது மண் சுமந்த காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். சும்மா பார்த்துக்கொண்டு இருந்தார்கள். தங்கள் தாய்மாரும் சித்திமாரும் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பையன்களால் எங்களை விரட்ட முடியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு தெற்குப் பாதிக்குப் போய் ஆடினார்கள்.

புதன்கிழமை மறுபடி போனோம். பெண்களும் வந்தார்கள். வெள்ளிக்கிழமை போனபோது நடுக்கோட்டில் யாரோ சுண்ணாம்பு புதிதாகப் போட்டிருந்தார்கள். சுண்ணாம்பு இருக்கும் அறையின் சாவி அண்ணனிடம் மட்டும்தான் இருக்கிறது. நான் அதைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை.

திறப்பு விழாவுக்கு அந்தத் தலைவர் வந்தார். வயதாகிவிட்டது, இரண்டு பேர் கைத்தாங்கலாகப் படியேற்றினார்கள். எங்கள் அணியை வரிசையாக நிறுத்தி அறிமுகப்படுத்தியபோது, டிஃபன்ஸ்காரியின் முன்னால் நின்று மகன் எத்தனாம் வகுப்பு படிக்கிறான் என்று கேட்டார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. அவர் என் கையைப் பிடித்து, நீதான் டீச்சரா என்றார். நான்தான் என்றேன். என்னைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் மேலே ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் கிராம சபையில் சொன்னதையே அவரிடமும் சொல்லியிருப்பேன்.

இப்போது கிளப் நடத்தும் ஆண்கள் போட்டிக்கு அடிக்கிற நோட்டீஸில் அவர் பெயரில் ஸ்டேடியம் என்று இருக்கும். நான் அடிக்கிற நோட்டீஸில் தாழங்காட்டு மைதானம் என்றுதான் இருக்கும். வெளியூர் அணிகள் இரண்டும் வேறு வேறு இடம் என்று நினைத்து அலைந்ததும் உண்டு. அப்படிக் கேட்டு போன் செய்கிறவர்களுக்கு, பெரிய எழுத்தைப் படிக்காமல் உள்ளே வாருங்கள் என்று வழி சொல்கிறேன்.

சென்ற மாதம் திருவனந்தபுரம் பக்கத்துப் பெண்கள் அணி ஒன்று எங்களோடு ஆட வந்தது. காலரி நிறைந்து, மதிலிலும் ஆட்கள். லைன் பார்க்க ஆள் இல்லாமல் அண்ணனைக் கூப்பிட்டோம். முழங்கால் வலியோடு கொடியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். கடைசி நேரத்தில் எங்கள் நர்ஸ் அடித்தது கோல் ஆனது. ஊரே எழுந்து நின்று கத்தியது. அண்ணனின் கொடி மேலே இருந்தது. ஆஃப்சைடு. பந்து வருவதற்கு முன்பே நர்ஸ் ஒரு முழம் உள்ளே நின்றாள் என்பது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் கோட்டோரமாக ஓடிப்போய் அவர் முகத்துக்கு நேரே கத்தினேன். கொடியை இறக்கு என்றேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடுவர் வந்து எனக்கு மஞ்சள் அட்டையைக் காட்டும் வரை கத்திக்கொண்டே இருந்தேன்.